நாள்வழியும் பேரேடும்

2009-ஆம் வருஷத்து அரையாண்டுப் பரீட்சை முடிந்த சமயம். ஒன்பதாம் வகுப்பில் 43 பிள்ளைகள். விடைத்தாள்களைத் திருத்தி, மார்க்குகளையெல்லாம் என் மடிக்கணினியில் பதிவு செய்து, தாள்களைப் பிள்ளைகளிடமே திருப்பிக் கொடுத்துவிட்டேன். பள்ளிக்கூடத்து மார்க்கு ரிஜிஸ்தரில் மையால் எழுதவேண்டிய வேலை மட்டும் பாக்கி. அதுதான் கணினியில் பத்திரமாக இருக்கிறதே, ஞாயிற்றுக்கிழமை ஆற அமர எழுதிக்கொள்ளலாம் என்று இருந்தேன். சனிக்கிழமை இரவு மொத்தமெல்லாம் கூட்டி, சேமிக்கும் பொத்தானை அழுத்தினேனோ இல்லையோ, வீதி முழுவதும் விளக்கு அணைந்தது. மடிக்கணினியும் அணைந்தது.

மடிக்கணினிக்குள் பாட்டரி உண்டே, மின்சாரம் போனால் அதற்கென்ன என்று நேயர்கள் கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஆனால் நான் அதை ஒரு சிநேகிதரிடமிருந்து பழைய சாமானாக வாங்கியிருந்தேன். பாட்டரி என்ற பெயரில் அதன் அடியில் ஒரு கனம் இருந்தது, சக்தி இருக்கவில்லை. சுவரிலிருந்து கம்பி வழியாக மின்சாரம் வந்துகொண்டிருக்கும் வரையில் அது மடிக்கணினி. வராவிட்டால் வெறும் பலகை.

ஒரு மணி நேரம் கழித்து விளக்கு வந்தது. கணினியை முடுக்கினேன். வழக்கமான திரை வரவில்லை. கறுப்புப் பின்னணியில் வெள்ளை எழுத்துக்களாக இங்கிலீஷில் கேள்விமேல் கேள்வி வந்தது. இன்ன எண்ணுள்ள குறிப்பு சரியாக இல்லை, திருத்தட்டுமா? இன்ன துண்டை இரண்டு கோப்புகள் சொந்தம் கொண்டாடுகின்றன, பிரித்துக் கொடுக்கட்டுமா? ஆம், இல்லை என்று பதில் சொல்லவேண்டும். எனக்கு என்ன தெரியும்? சம்பந்தி வீட்டார் கேட்டதற்கெல்லாம் தலையாட்டும் பெண்ணைப் பெற்றவரைப்போல எல்லாவற்றுக்கும் 'ஆம்' என்று தட்டிக்கொண்டே போனேன். கடைசியில் கணினி எழுந்து உட்கார்ந்தது. மார்க்குக் கோப்பு இருந்த இடத்தில் அது இல்லை. 'தொலைந்ததும் கிடைத்ததும்' என்று பொருள்படும் பெயருடன் ஓர் அறை அதற்குள் உண்டு. பெயரை இழந்து அநாதையான கோப்புகளையெல்லாம் எண் போட்டு அதிலே அடைத்து வைக்கும். அங்கே பதினைந்து இருபது எண்கள் இருந்தன. ஒன்றில் பாதிக் கடிதம், ஒன்றில் யாரோ ஒருவருடைய கல்யாணப் படம், ஒன்றில் ஒன்றுமேயில்லை. 43 பிள்ளைகளின் மார்க்கு எந்த எண்ணுக்குள்ளும் அகப்படவில்லை.

திங்கட்கிழமை வகுப்பில் நின்று, "திருப்பிக் கொடுத்த விடைத்தாளை நாளைக்கு எல்லாரும் கொண்டுவர வேண்டும்" என்று சொன்னேன். காரணத்தையும் சொன்னேன். உபாத்தியாயர் தம்முடைய கணக்கைத் தாமே தொலைத்துவிட்டார் என்பதில் பிள்ளைகளுக்கு உண்டான சந்தோஷத்தை நான் வர்ணிக்கப் போவதில்லை. மறுநாள் 41 தாள்கள் வந்து சேர்ந்தன. 19 மார்க்கு வாங்கிய பையன்கூட, இதுதான் தப்பித்துக்கொள்ளச் சமயம் என்று எண்ணாமல், மடிப்புக் கலையாமல் கொண்டுவந்து மேஜைமேல் வைத்துவிட்டுப் போனான். இரண்டு பேரிடம் தாள் இல்லை. ஒருவன் தாளில் அவன் பாட்டி அடுப்பு மூட்டிவிட்டாள். மற்றவன் தாள் எங்கே போயிற்றென்று அவனுக்கே தெரியாது. "எனக்கு 31, சார்" என்றான் ஒருவன். "எனக்கு 62, சார்" என்றான் மற்றவன். 31 என்று சொன்னவனை நம்புவதில் கஷ்டம் ஒன்றும் இல்லை. 62 என்று சொன்னவனை நம்புவதற்கு எனக்கு ஓர் இரவு யோசனை தேவைப்பட்டது. நம்பினேன்.

அடுத்த வாரம் கல்லூரி விடுமுறைக்கு என் மருமான் வந்தான். நடந்ததைக் கேட்டதும் அவன் முகம் மாறிவிட்டது. "தப்பு என்னுடையது, மாமா" என்றான். அந்தக் கணினியில் லினக்ஸைப் போட்டுக் கொடுத்தவன் அவனே. போடும்போது நாள்வழி இல்லாத கோப்பு முறையை வேண்டுமென்றே தேர்ந்தெடுத்திருந்தான்.

நாள்வழி என்றால் என்ன என்று இங்கே சொல்லிவிட வேண்டும். பழைய ஜவுளிக்கடைகளில் கணக்குப்பிள்ளையிடம் இரண்டு புத்தகங்கள் இருக்கும். ஒன்று பேரேடு; அதில் ஆளுக்கு ஒரு பக்கம், சரக்குக்கு ஒரு பக்கம் என்று கணக்கு வகுத்து எழுதப்பட்டிருக்கும். மற்றது நாள்வழி; வந்தது போனதெல்லாம் நடந்த வரிசைப்படி அதிலேதான் முதலில் ஏறும். ஒரு வியாபாரி நூறு ரூபாய்க்குச் சரக்கு வாங்கினார் என்றால், பேரேட்டில் அவர் பக்கத்தில் பற்று, சரக்குப் பக்கத்தில் வரவு, இரண்டு இடத்திலும் எழுதவேண்டும். ஓரிடத்தில் எழுதி மற்ற இடத்தைப் புரட்டுவதற்குள் கணக்குப்பிள்ளையை யாராவது கூப்பிட்டுவிட்டால்? பேரேடு பொய் சொல்ல ஆரம்பித்துவிடும். எங்கே பிசகு என்று கண்டுபிடிக்க முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை ஒத்துப்பார்க்க வேண்டும். நாள்வழி இருந்தாலோ, நேற்றைய கடைசிச் சில வரிகளைப் பேரேட்டில் ஏறியிருக்கிறதா என்று பார்த்தால் போதும். இங்கிலீஷிலும் இந்த நாள்வழிக்கு 'ஜர்னல்' என்றே பெயர். கணினிக்காரர்கள் அந்தச் சொல்லைக் கணக்கர்களிடமிருந்துதான் எடுத்துக்கொண்டார்கள்.

கணினியின் டிஸ்க்கும் ஒரு பேரேடு. ஒரு கோப்பில் நாலு வரி சேர்த்துச் சேமித்தால் நமக்கு அது ஒரே காரியம். டிஸ்க்குக்கு மூன்று நான்கு காரியங்கள். அந்த நாலு வரியை ஒரு காலித் துண்டில் எழுத வேண்டும். அந்தத் துண்டு இனிக் காலியில்லை என்று வேறோரிடத்தில் குறிக்க வேண்டும். இந்தக் கோப்பு இவ்வளவு நீளம், அதன் துண்டுகள் இன்னின்ன என்று மற்றோரிடத்தில் மாற்ற வேண்டும். புதுக் கோப்பாயிருந்தால் அடைவிலே பெயரும் ஏற வேண்டும். இவை எந்த வரிசையில் டிஸ்க்கைச் சேரும் என்பதற்கு உறுதி கிடையாது. வேகத்திற்காக நினைவகத்திலே தேக்கி வைத்துத் தனக்குச் சௌகரியப்பட்டபடி இறக்கும். நடுவே மின்சாரம் போயிற்றோ, பேரேட்டில் பாதிப் பக்கம் எழுதியும் பாதிப் பக்கம் எழுதாமலும் நிற்கும். சனிக்கிழமை இரவு என் கணினியில் நடந்தது அதுதான்.

லினக்ஸில் அப்படி நாள்வழி இல்லாத முறைக்கு எக்ஸ்ட்-2 என்று பெயர். ரெமி கார்ட் என்பவர் தியடோர் ட்ஸோ, ஸ்டீபன் ட்வீடி ஆகியோருடன் சேர்ந்து 1993-இல் அமைத்தது. நல்ல முறைதான், வேகமானதுதான். ஆனால் ஒழுங்காக மூடாமல் நின்றுவிட்டால் மறுபடி எழும்போது டிஸ்க் முழுவதையும் ஐந்து சுற்றுச் சோதனை செய்யும். டிஸ்க்குகள் சிறியனவாக இருந்த நாளில் அது பொறுக்கக்கூடிய காரியம். பெரியனவானபின் அந்தச் சோதனை மணிக்கணக்கில் நீளத் தொடங்கியது.

நாள்வழி வைப்பது லினக்ஸ்காரர்களின் புது யோசனை அல்ல. தகவல் தளங்களைக் கட்டியவர்கள் 1970-களிலேயே அதை அறிந்திருந்தார்கள். 1987-இல் ஜெராக்ஸ் கம்பெனியின் பாலோ ஆல்டோ ஆராய்ச்சிக்கூடத்தில் ராபர்ட் ஹாக்மன் என்பவர் சீடார் என்ற கோப்பு முறையை நாள்வழியுடன் திருத்தி அமைத்தார். ஐபிஎம் 1990-இல் தன் ஏஐஎக்ஸ் முறையில் சேர்த்தது. மைக்ரோசாப்டின் என்டிஎஃப்எஸ் 1993-இல் வந்தபோதே இந்தக் குறிப்பு வழக்கத்துடன்தான் வந்தது. லினக்ஸுக்கு ஸ்டீபன் ட்வீடி 1998-இல் தமது திட்டத்தை வெளியிட்டார். எக்ஸ்ட்-3 என்ற பெயரில் அது 2001 நவம்பரில் லினக்ஸின் பொது மூலத்தில் சேர்ந்தது. அதே வருஷம் ஜனவரியில் ரெய்சர் எஃப்எஸ் என்ற மற்றொரு முறை முந்திக்கொண்டு சேர்ந்துவிட்டது.

ஆனால் ட்வீடியின் வேலையில் ஒரு தனி அழகு உண்டு. புதிய கோப்பு முறைக்கு மாறுவது என்றால் பொதுவாக வீடு மாறுவது போலத்தான். சாமான்களையெல்லாம் வெளியே எடுத்துவைத்து, டிஸ்க்கை வெறுமையாக்கி, புதிதாக அமைத்து, மறுபடி உள்ளே கொண்டுவர வேண்டும். ட்வீடி பேரேட்டின் ஒரு வரியைக்கூட மாற்றவில்லை. பழைய பேரேடு அப்படியே இருக்க, பக்கத்தில் ஒரு நாள்வழியை மட்டும் வைத்தார். குடியிருந்தபடியே மாறிக்கொள்ளலாம். பிடிக்காவிட்டால், ஒழுங்காக மூடிய டிஸ்க்கைப் பழைய எக்ஸ்ட்-2 ஆகவே திறந்தும் பார்க்கலாம்.

நாள்வழிக்குள் நடப்பதை என் மருமான் விளக்கியபோது எனக்கு மிகவும் பிடித்தது கையெழுத்து விஷயம். மாறப்போகும் பக்கங்களின் முழுப் பிரதியை முதலில் நாள்வழியில் எழுதுகிறது. எல்லாம் எழுதி முடிந்ததும் கடைசியில் 'முடிந்தது' என்று ஒரு முத்திரை வைக்கிறது. அதற்குப் பிறகே பேரேட்டைத் தொடுகிறது. நடுவில் மின்சாரம் போனால், மறுபடி எழுந்ததும் நாள்வழியைப் படிக்கிறது. முத்திரை இருக்கிற பதிவைப் பேரேட்டில் ஏற்றுகிறது. ஏற்கெனவே ஏறியிருந்தாலும் பாதகமில்லை, அதே பக்கத்தை அப்படியே மறுபடி எழுதுவதுதானே. முத்திரை இல்லாத பதிவை, எழுதப்படவே இல்லை என்று தள்ளிவிடுகிறது. தயவு தாட்சணியம் கிடையாது. என் இரண்டு பிள்ளைகளும் அதனிடம் போயிருந்தால் 31-க்கும் இடமில்லை, 62-க்கும் இடமில்லை.

அப்படியானால் என் மருமான் ஏன் அதை வேண்டாமென்று வைத்தான்? என் கணினியில் இருந்தது சுழலும் டிஸ்க் அல்ல; 4 ஜிகாபைட் ஃபிளாஷ் நினைவகம். ஃபிளாஷின் ஒவ்வொரு கட்டத்தையும் இத்தனை தடவைதான் அழித்து எழுதலாம் என்று ஒரு வரம்பு உண்டு. நாள்வழியோ ஒரே சமாசாரத்தை இரண்டு தடவை எழுதச் செய்கிறது. ஆகவே ஃபிளாஷ் வைத்த சிறு கணினிகளுக்கு எக்ஸ்ட்-2 போதும், ஆயுசு நீடிக்கும் என்று அந்நாளில் விவரம் தெரிந்த பலரும் சொல்லிவந்தார்கள். அதை நான் பரிகசிக்கமாட்டேன். ஆனால் அதே 2009-இல் தியடோர் ட்ஸோ அளந்து பார்த்து, நாள்வழியால் அதிகப்படும் எழுத்து ஜனங்கள் பயந்த அளவுக்கு இல்லை என்று எழுதினார். அதைவிட வேடிக்கை, கோப்பை வெறுமே திறந்து படித்தாலே 'இன்ன நேரத்தில் படிக்கப்பட்டது' என்று டிஸ்க்கில் குறித்து வைக்கும் ஒரு பழைய வழக்கம். அதை நிறுத்தினாலே நிறைய எழுத்து மிச்சமாகும். இரண்டு வருஷம் அதிகமாக உழைக்கட்டும் என்று நினைவகத்தைப் பேணினோம். நினைவகம் சௌக்கியமாக இருந்தது, நினைவுதான் போயிற்று.

மாற்றும் வேலை ஒரு மாலையில் முடிந்தது. உள்ளதையெல்லாம் முதலில் வேறொரு டிஸ்க்கில் பிரதி எடுத்தான். பிறகு பென்டிரைவிலிருந்து கணினியை எழுப்பினான். டிஸ்க்கைத் திறக்காமல் வேலை செய்ய வேண்டும் என்பதற்காக. பழைய பேரேட்டை முழுக்கச் சோதித்துச் சுத்தம் என்று தெரிந்துகொண்டான். இதைச் செய்யாமல் நாள்வழியை வைத்தால், தப்புக் கணக்குக்கு ஒழுங்கான நாள்வழி என்று ஆகிவிடும். அப்புறம் டியூன்2எஃப்எஸ் என்ற கருவியை 'ஜே' என்ற ஒற்றை எழுத்துடன் ஏவினான். சில விநாடிகள்தான். டிஸ்க்கில் மிகச் சிறு பங்கு நாள்வழிக்கென்று ஒதுங்கியது. சுற்றிச் சுற்றி அதே இடத்தில்தான் எழுதிக்கொண்டிருக்கும். அதற்கு மேல், எந்த டிஸ்க் எந்த முறையில் திறக்கவேண்டும் என்று குறித்திருக்கும் பட்டியலில் 2 என்பதை 3 என்று மாற்றினான். அந்த ஓர் எழுத்தை மறந்துவிட்டுக் கணினி பழைய முறையிலேயே ஓடிக்கொண்டிருக்க, நாள்வழி இருக்கிறதென்று நம்பிக்கொண்டிருப்பவர்கள் உண்டாம். கணினி எழும்போது முதலில் நினைவகத்தில் ஏறும் சிறு பொதியிலும் புது முறைக்கு வேண்டியது இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டான். இவ்வளவுதான்.

"எப்படி நம்புவது?" என்றேன். அவன் ஒன்றும் சொல்லாமல், ஒரு கோப்பை எழுதிக்கொண்டிருக்கும்போதே சுவரிலிருந்து கம்பியைப் பிடுங்கினான். திரை கறுத்தது. வாசற்படியில் நின்றிருந்த என் மனைவி, "மறுபடி பிள்ளைகளிடம் தாள் கேட்கவேண்டி வரப்போகிறது" என்றாள். கம்பியைச் செருகி முடுக்கினோம். நாள்வழியைக் கொண்டு சரிசெய்ததாக ஒரு வரி வந்து போயிற்று. கேள்வியும் இல்லை, எண் போட்ட அநாதைகளும் இல்லை. பிடுங்குவதற்கு முன் கடைசியாக அடித்த இரண்டு வாக்கியங்கள் மாத்திரம் காணவில்லை. அவற்றை நான் சேமித்திருக்கவில்லை.

அந்த இரண்டு வாக்கியங்களில்தான் விஷயம் இருக்கிறது. நாள்வழி நம் எழுத்தைக் காப்பாற்றும் என்று பலர் எண்ணுகிறார்கள். சாதாரணமாக அது காப்பது பேரேட்டின் ஒழுங்கைத்தான். எக்ஸ்ட்-3-இல் எழுத்தையும் சேர்த்து நாள்வழியில் ஏற்றும் வகை ஒன்று உண்டு, மெதுவானது. வழக்கமாக நடப்பது, எழுத்தை அதன் இடத்தில் முதலில் இறக்கிவிட்டு, அது எங்கே இருக்கிறது என்ற கணக்கை மட்டும் நாள்வழியில் பதிவது. ஐந்து விநாடிக்கு ஒரு முறை முத்திரை. சுழலும் டிஸ்க் வைத்த மடிக்கணினியில் இந்த ஐந்து விநாடியே ஒரு தொந்தரவு. தூங்கப் போன டிஸ்க்கை ஓயாமல் தட்டி எழுப்பினால் பாட்டரி என்னத்துக்கு ஆகும்? இடைவெளியை நீட்டிக்கொள்ளலாம், எத்தனை நீட்டுகிறோமோ அத்தனை விநாடி வேலையைப் பந்தயம் வைக்கிறோம் என்று தெரிந்து நீட்ட வேண்டும்.

எக்ஸ்ட்-4 வந்த புதிதில், 2009-இன் ஆரம்பத்தில், இதே விஷயம் ஒரு சச்சரவாக வெடித்தது. வேகத்திற்காக அது எழுத்துக்கு இடம் ஒதுக்குவதைத் தாமதப்படுத்தியது. கணினி திடீரென்று நின்றால் சில கோப்புகள் பெயர் இருந்தும் நீளம் பூஜ்யமாகக் கிடந்தன. பேரேடு ஒழுங்காயிருந்தது; பக்கம்தான் காலி. கோப்பு முறை தப்பா, 'இதை உடனே டிஸ்க்கில் இறக்கு' என்று கேட்காத மென்பொருள் தப்பா என்று இரு பக்கமும் வாதாடினார்கள். முடிவில் கோப்பு முறையே கொஞ்சம் விட்டுக்கொடுத்து, பழைய கோப்பின் இடத்தில் புதியதை வைக்கும் சமயங்களில் எழுத்தை முன்னதாக இறக்கும்படி ஆயிற்று. என் அபிப்பிராயத்தில் இது சரியான தீர்ப்பு. குடித்தனக்காரன் சட்டத்தைப் படித்திருக்கவில்லை என்பதற்காகக் கூரையைப் பிரிக்கலாமா?

எக்ஸ்ட்-3-க்கென்று இருந்த தனி நிரல் 2015-இல் லினக்ஸிலிருந்து நீக்கப்பட்டது. எக்ஸ்ட்-4-இன் நிரலே பழைய எக்ஸ்ட்-3 டிஸ்க்குகளையும் திறக்கும். ஆப்பிள் தன் பழைய முறைக்கு 2002-இல் நாள்வழி சேர்த்து, 2017-இல் மடிக்கணினிகளை வேறு வழிக்கு மாற்றிவிட்டது. அது இருக்கும் பக்கத்தின்மேல் எழுதாமல் புதுப் பக்கத்தில் எழுதிவிட்டுப் பிறகு பழையதை விடுகிற வழி. ஆகையினால் இன்று கடையில் வாங்கும் மடிக்கணினியில் இதையெல்லாம் நீங்கள் கேட்கவேண்டியதில்லை. கேட்கவேண்டிய இடம் வேறு. உங்கள் வீட்டுப் பென்டிரைவிலும் காமிரா அட்டையிலும் பெரும்பாலும் இருப்பது ஃபாட்-32 அல்லது எக்ஸ்ஃபாட். இரண்டிலும் அப்படிப்பட்ட நாள்வழி கிடையாது. கல்யாணப் படங்களைப் பிரதி எடுத்துவிட்டு, 'வெளியேற்று' என்று சொல்லாமல் படக்கென்று பிடுங்குகிறோமே, 2009-இல் என் வீதியில் விளக்கு அணைந்ததற்கும் அதற்கும் வித்தியாசம் ஒன்றுமில்லை.

அந்தப் பழைய கணினி பின்னர் நாலு வருஷம் உழைத்து, ஃபிளாஷினால் அல்ல, திரை போனதால் ஓய்வு பெற்றது. என் மருமான் இப்போது பெங்களூரில் உத்தியோகம் பார்க்கிறான். போன தீபாவளிக்கு வந்தவன் என் மேஜைமேல் மார்க்கு எழுதிய நீல மை நோட்டைப் பார்த்து, "இன்னுமா, மாமா?" என்றான். "விடைத்தாளைத் திருப்பிக் கொடுப்பதற்கு முன்னால்தான் எழுதுகிறேன்" என்றேன். நோட்டைப் புரட்டினான். ஒவ்வொரு வகுப்புப் பட்டியலின் அடியிலும் ஒரு கையெழுத்தும் தேதியும் இருப்பதைப் பார்த்துச் சிரித்துவிட்டு, காப்பி குடிக்கப் போய்விட்டான்.